இரண்டு லிட்டருக்குள் எந்த ஒயின்? மூடுபனி நாட்டுப் பாட்டில்களும் ராமநாதபுரம் கடற்கரைச் சாப்பாடும்

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புபவர் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். ஒயின் பாட்டில் ஒன்றுக்கு 750 மில்லி. இரண்டு எடுத்தால் ஒன்றரை லிட்டர். மூன்றாவதையும் எடுத்தால் 2.25 லிட்டராகி வரி விழும். மிச்சமுள்ள அரை லிட்டரில் 375 மில்லி அரைப் பாட்டில் ஒன்று அடங்கும். ஆக, இரண்டு முழுசு, ஒரு அரை. பாம்பனிலோ தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ ஆறேழு பேர் கூடி நண்டும் கணவாயும் மீன் குழம்புமாகச் சாப்பிடும் ஒரு மதியத்துக்கு இது தாராளம். எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

கடையில் கேட்டால் பெரும்பாலும் விலை கூடிய சிவப்பு ஒயினைத்தான் கையில் கொடுப்பார்கள். நம் கடற்கரைச் சமையலுக்கு அதைவிடப் பொருந்தாத பாட்டில் கிடையாது. புளி, முண்டு மிளகாய், தேங்காய்ப்பால், கருவாட்டு உப்பு எல்லாம் ஒரே இலையில் வரும்போது ஒயினிடம் மூன்று குணம் வேண்டும்: நல்ல புளிப்பு, மட்டான ஆல்கஹால், துவர்ப்பு இல்லாமை. வெயில் கொளுத்தும் நாட்டு ஒயின்களில் புளிப்பு குறைந்து ஆல்கஹால் ஏறிவிடும். புளிப்பு நிலைத்திருப்பது குளிர்ந்த, பனி மூடும் பகுதிகளில். அப்படிப்பட்ட நான்கு இடங்களை இங்கே எடை போடுகிறோம்: கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் வேலி, ஸ்பெயினின் ரியாஸ் பைஷாஸ், சிலியின் காசாபிளாங்கா, பிரான்சின் சோதேர்ன். நான்கிலும் பனி உண்டு. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் அது பார்க்கும் வேலை வேறு.

பனி திராட்சைக்கு என்ன செய்கிறது

திராட்சையில் இரண்டு அமிலங்கள் முக்கியம். டார்டாரிக் அமிலம் வெயிலுக்கு ஓரளவு தாங்கும். மாலிக் அமிலம் தாங்காது. பழம் சுவாசிக்கும்போது மாலிக்கைத்தான் எரிபொருளாகச் செலவழிக்கிறது. வெப்பம் கூடக் கூடச் சுவாசம் வேகமாகும், புளிப்பு கரையும். இரவு குளிர்ந்தால் இந்தச் செலவு மட்டுப்படும். காலையில் பனி மூடியிருந்தால் பழம் சூடேறுவது பத்து, பதினொரு மணி வரை தள்ளிப்போகும். அப்புறம் வெயில் வந்து சர்க்கரையை ஏற்றும். பழம் மெல்லப் பழுக்கிறது. வாசனை முழுதாக வருகிறது. புளிப்பும் கையில் நிற்கிறது.

ரஷ்யன் ரிவர் வேலிக்குப் பனி வருவது பசிபிக் கடலிலிருந்து. அந்தக் கரையோரம் கோடையில்கூடக் கடல்நீர் 11 முதல் 13 டிகிரிதான் இருக்கும். வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த நீரோட்டமும், ஆழத்திலிருந்து மேலெழும் நீரும் அதற்குக் காரணம். ஈரக்காற்று அந்த நீர்மேல் வரும்போது பனியாகிறது. உள்நாட்டில் சென்ட்ரல் வேலி கொதிக்கும்போது அங்கே காற்று மேலெழும்ப, அந்த வெற்றிடத்துக்குக் கடற்பனி இழுபட்டு, ஆற்று முகத்துவாரம் வழியாகவும் பெட்டலூமா கேப் என்னும் மலை இடைவெளி வழியாகவும் உள்ளே பாய்கிறது. பகலில் 30 டிகிரியைத் தொட்ட இடம் இரவில் 10 டிகிரிக்கு இறங்கும்.

நம் பக்கம் கடற்காற்று உண்டு, பனி கிடையாது. பாக் ஜலசந்தியும் மன்னார் வளைகுடாவின் கரையோரமும் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான நீர். ஆண்டின் பெரும்பகுதி 26 டிகிரிக்குக் கீழே போகாது. மார்கழி விடியலில் வயல்மேல் தெரிவது தரை குளிர்வதால் வரும் பனி. எட்டு மணி வெயிலுக்கு நிற்காது.

திராட்சைப் பகுதிகளை அளக்க வெப்ப நாள் கணக்கு ஒன்று உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அமெரைன், விங்க்ளர் என்ற இருவர் வகுத்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்தும் 10 டிகிரியைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மொத்தம் சுமார் 1,390-க்குள் வந்தால் மிகக் குளிர்ந்த முதல் வகை. 2,220-ஐத் தாண்டினால் மிக வெப்பமான ஐந்தாம் வகை. ராமநாதபுரத்துக்கு அந்த ஏழு மாதச் சராசரியை 29 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் 214 நாளைக்கு 4,000-ஐத் தாண்டிவிடும். இங்கே ஒயின் திராட்சை போடலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் எண்ணே பதில். நமக்குப் பனை இருக்கிறது. திராட்சையைக் கம்பத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ரஷ்யன் ரிவர் வேலி: பெயர் பெரிது, பாதிதான் நமக்கு ஆகும்

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சோனோமா கவுன்ட்டியில் இருக்கிறது. 1983-இல் தனி ஒயின் பகுதியாக அங்கீகாரம் பெற்றது. கோல்ட்ரிட்ஜ் என்ற மணற்பாங்கான வண்டல் இங்கே பெயர்போனது. தண்ணீர் நிற்காமல் வடியும். 1976-இல் பாரிசில் நடந்த கண்மூடிச் சுவைப் போட்டியில் பிரெஞ்சு வெள்ளை ஒயின்களை முந்திய 1973-ஆம் ஆண்டு ஷதோ மாண்ட்லேனா ஷார்டனே பக்கத்து ஒயின் பகுதியான நாப்பாவின் பெயரில்தான் புகழ்பெற்றது. அதற்குப் போன பழத்தில் ஒரு பகுதி இந்தப் பள்ளத்தாக்கின் பாசிகலூப்பி தோட்டத்திலிருந்து போனது.

இங்கே இரண்டு வகை பேர்போனவை: வெள்ளையில் ஷார்டனே, சிவப்பில் பினோ நுவார். பத்திரிகைகள் தூக்கிவைத்துக் கொண்டாடுவது பினோவை. செம்பழ வாசனை, மெல்லிய உடம்பு. தனியாகக் குடித்தால் அருமையான ஒயின்தான். மீன் குழம்போடு வைத்தால் இரண்டும் கெடும். காரணம் வேதியியல். மீன் கொழுப்பு ஒயினில் இருக்கும் இரும்போடு சேர்ந்து, வாயில் பச்சை மீன் நாற்றத்தை உண்டாக்குகிறது. ஜப்பானின் மெர்ஷன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் உலர்ந்த சிப்பித் தசையை வெவ்வேறு ஒயின்களோடு சோதித்து இதைக் காட்டினார்கள். இரும்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவைத் தாண்டியவற்றில் நாற்றம் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு ஒயின்களில் இரும்பு கூடுதலாக இருப்பது வழக்கம். எந்தப் பாட்டிலில் எவ்வளவு என்று லேபிளில் போடமாட்டார்கள். புது மீனிலேயே இந்தக் கதி என்றால், கொழுப்பு காற்றுபட்டு மாறியிருக்கும் நெத்திலிக் கருவாட்டையும் திருக்கைக் கருவாட்டையும் கேட்கவே வேண்டாம்.

மிளகாய் இன்னொரு சிக்கல். வாயில் எரிச்சலை உணரும் நரம்பு வாங்கி ஒன்று சாதாரணமாக 42 டிகிரி வெப்பத்தில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் வாயின் வெப்பமே 37. அதனால்தான் ஆல்கஹால் கூடிய மதுவுக்குப் பின் காரம் இரட்டிப்பாய் எரிகிறது. ரஷ்யன் ரிவர் பினோ 14 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும், சில 14.5. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து முண்டு மிளகாயை அரைத்துப் போட்ட குழம்புக்கு முன்னால் அது மருந்து மாதிரி இருக்கும்.

விலக்கு ஒன்று உண்டு. சூரை மீனைக் கனமாக வெட்டி, மிளகும் உப்பும் மட்டும் தடவி, தோசைக்கல்லில் வெளிப்புறம் மட்டும் சிவக்கச் சுட்டு எடுத்தால் அதோடு பினோ நன்றாகச் சேரும். புளி ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது. இந்த ஒரு பதார்த்தத்துக்காக இரண்டு பாட்டிலில் ஒன்றை ஒதுக்குவீர்களா என்பது உங்கள் பாடு. பினோதான் வேண்டும் என்பவர்கள் 2020-ஆம் ஆண்டுப் பாட்டிலைத் தவிர்ப்பது நல்லது. அந்த ஆண்டு வடகலிஃபோர்னியக் காட்டுத்தீயின் புகை திராட்சைத் தோலில் படிந்து, பல தயாரிப்பாளர்கள் சிவப்பு ஒயினே போடவில்லை. தோலோடு ஊறவைப்பதால் சிவப்பில் புகை வாசனை இறங்கும். தோலை நீக்கிப் பிழியும் வெள்ளையில் பாதிப்பு குறைவு.

ஷார்டனே கதை வேறு. தேங்காய்ப்பால் நண்டுக் கறிக்கும் மீன் சொதிக்கும் இதைப்போலப் பொருந்தும் ஒயின் இந்த நான்கில் இல்லை. பல தோட்டக்காரர்கள் ஷார்டனேயை ஓக் பீப்பாயில் வைத்து, மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் மாலோலாக்டிக் என்ற இரண்டாம் நொதிப்புக்கு விடுகிறார்கள். அதில் பிறக்கும் டையசிட்டைல் என்ற பொருள்தான் வெண்ணெய் வாசனைக்குக் காரணம். தேங்காய்ப்பாலின் கொழுப்போடும் நண்டுச் சதையின் இனிப்போடும் அது கலந்து நிற்கும். ஆனால் அதே மாற்றத்தில் புளிப்பு குறைந்துவிடுவதால், புளிக்குழம்பு வந்ததும் ஒயின் தண்ணீர் போலாகும். எனவே பின்லேபிளைப் படியுங்கள். நூறு சதவீத மாலோலாக்டிக், புது ஓக் என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது தேங்காய்ப்பாலுக்கு மட்டும். அன்ஓக்ட் என்றோ ஸ்டெயின்லெஸ் தொட்டி என்றோ போட்டிருந்தால் வறுத்த சீலாவுக்கும் வரும்.

முன்லேபிளில் ஊர்ப்பெயர் முக்கியம். அமெரிக்கச் சட்டப்படி ரஷ்யன் ரிவர் வேலி என்று போட, பழத்தில் 85 சதவீதம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். வெறும் கலிஃபோர்னியா என்று போட்டிருந்தால் சென்ட்ரல் வேலியின் வெக்கையில் விளைந்த மலிவுப் பழமாக இருக்க வாய்ப்பு அதிகம். பனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோனோமா கோஸ்ட் என்ற பெயரிலும் ஏமாறலாம். 1987-இல் வரைந்த எல்லை மிகப் பரந்தது. கடலை விட்டு வெகுதூரம் உள்ளே போகிறது. கடலை ஒட்டிய பகுதிக்கு வெஸ்ட் சோனோமா கோஸ்ட் என்று தனி அங்கீகாரம் 2022-இல்தான் வந்தது.

ரியாஸ் பைஷாஸ்: முதல் பாட்டில்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு மேலே, அட்லாண்டிக் கடல் விரல்விரலாக உள்ளே புகுந்த கரை. வேலை என்றால் மீன்பிடிப்பும் சிப்பி வளர்ப்பும். 1988-இல் ஒயின் பகுதியாக அங்கீகாரம் பெற்றது. விளைவதில் பெரும்பங்கு அல்பரீன்யோ என்ற வெள்ளைத் திராட்சை.

இங்கே ஈரம்தான் எதிரி. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை, நம் மாவட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. போதாததற்குக் கடல் மூட்டம். இலையில் ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். அதனால் கொடியைத் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கி, கருங்கல் தூண் நட்டுப் பந்தல் போட்டுப் படர விடுகிறார்கள். அடியில் காற்று ஓடி ஈரத்தைக் காயவைக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அல்பரீன்யோவுக்குத் தோல் தடிப்பு என்பதும் பூசணத்தைத் தாங்க ஒரு காரணம்.

கிடைக்கும் ஒயினில் அமிலம் லிட்டருக்கு 7 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆல்கஹால் 12 முதல் 13 சதவீதம். எலுமிச்சைத் தோல், பீச் வாசனை, கடைசியில் நாக்கில் ஓர் உப்புக் கரிப்பு. புளிக்குழம்புக்கு ஒயின் வைக்கும்போது ஒரே விதிதான்: ஒயினின் புளிப்பு குழம்பின் புளிப்பைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் ஒயின் சப்பென்று போகும். நான்கு பேரில் இந்த விதியை நிம்மதியாகத் தாண்டுவது அல்பரீன்யோ. நகரை மீன் குழம்பு, இறால் தொக்கு, நெத்திலிப் பொரியல், மிளகு போட்ட கணவாய் வறுவல் எல்லாவற்றோடும் நிற்கும். துவர்ப்பு இல்லை, ஓக் வாசனை பெரும்பாலும் இல்லை. கருவாட்டுக் குழம்போடு முழுப் பொருத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் சண்டை போடாத ஒரே பாட்டில் இதுதான்.

வாங்கும்போது அறுவடை ஆண்டு பாருங்கள். ஒன்று, இரண்டு வயதுக்குள் இருக்கட்டும். நான்கு வயதுக்கு மேல் தள்ளுபடியில் கிடைத்தால் எடுக்காதீர்கள். சோப்ரே லியாஸ் என்று போட்டவை மட்டும் விதிவிலக்கு: நொதித்து இறந்த ஈஸ்ட் மண்டியோடு சில மாதம் கிடந்தவை, உடம்பு சற்றுத் தடித்து, இன்னும் சில ஆண்டு தாங்கும். நண்டுக்கு இவை இன்னும் நல்லது. லேபிளில் அல்பரீன்யோ என்று இருந்தால் முழுக்க அந்தத் திராட்சைதான்; பின்னால் ரியாஸ் பைஷாஸ் ஒழுங்குமுறைக் குழுவின் முத்திரை ஒட்டியிருக்கும்.

காசாபிளாங்கா

சிலியில், சாண்டியாகோவுக்கும் வால்பராய்சோ துறைமுகத்துக்கும் இடையில். எண்பதுகளின் தொடக்கத்தில் பாப்லோ மொராந்தே என்ற ஒயின் வல்லுநர் துணிந்து நடும்வரை அங்கே யாரும் நல்ல ஒயினை எதிர்பார்க்கவில்லை. ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர், காலைப் பனி, மதியக் கடற்காற்று. ரஷ்யன் ரிவருக்குத் தெற்கு அரைக்கோளத்து உறவு என்று சொல்லலாம். வசந்த உறைபனியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் தோட்டக்காரர்களின் தலைவலி.

சோவின்யோ பிளாங்தான் இங்கே எடுக்க வேண்டியது. பச்சை வாசனை, புல், பச்சை மிளகாய்த் தோல், எலுமிச்சை. கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்த பச்சை மசாலா மீனுக்கு அல்பரீன்யோவையும் மிஞ்சும். விலையும் ரஷ்யன் ரிவரின் பாதிக்குக் கீழே. மூடி பெரும்பாலும் திருகு மூடி. நம் வெயிலுக்கு இது பெரிய சௌகரியம், பின்னால் சொல்கிறோம். வறுத்த மிளகாயும் கருகிய சின்ன வெங்காயமும் சேர்ந்த கறுத்த குழம்பில் மட்டும் அந்தப் பச்சை வாசனை பச்சடி போலத் தனியாக மிதக்கும். லேபிளில் வாலே டி காசாபிளாங்கா அல்லது கோஸ்டா என்ற சொல்லைத் தேடுங்கள். வாலே சென்ட்ரால் என்றால் உள்நாட்டு வெப்பப் பகுதி. தெற்கு அரைக்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை என்பதால், டிசம்பரில் ஊர் திரும்புபவருக்கு அந்த ஆண்டின் பழமே பாட்டிலில் கிடைக்கும். ஐரோப்பாவின் அதே ஆண்டு ஒயின் அப்போது தொட்டியில்தான் இருக்கும்.

சோதேர்ன்: அந்த அரைப் பாட்டில்

மற்ற மூன்றிலும் பனி பழத்தைக் குளிரவைக்கிறது. சோதேர்னில் பழத்தை அழுகவைக்கிறது, அதுவும் வேண்டுமென்றே. போர்தோவுக்குத் தெற்கே, மரநிழலில் ஓடிவரும் சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு, வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர் காலக் காலைகளில் அந்த இடத்தில் பனி எழும்பித் தோட்டங்களை மூடும். ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்ற பூசணம் பழத்தோலைத் துளைக்கும். மதியம் வெயில் வந்து துளை வழியாக நீரை ஆவியாக்கும். பழம் சுருங்கி, சர்க்கரையும் அமிலமும் ஒருசேரக் கெட்டிப்படும். மதிய வெயில் வராமல் ஈரம் தொடர்ந்தால் அதே பூசணம் சாம்பல் அழுகலாகி எல்லாம் குப்பைக்குப் போகும்.

ஒரு கொத்தில் எல்லாப் பழமும் ஒன்றாகச் சுருங்காது. ஆட்கள் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து, பக்குவப்பட்டதை மட்டும் பொறுக்குவார்கள். சட்டப்படி ஹெக்டேருக்கு 2,500 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. போர்தோ ஒயின்களின் 1855 தரவரிசையில் தனி உச்சத்தில் வைக்கப்பட்ட ஷதோ டிகெம் தோட்டம், பழம் தேறாத ஆண்டில் தன் பெயரில் ஒயினே வெளியிடாது. 2012 அப்படிப் போனது. விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு இதுவே விளக்கம். அரைப் பாட்டிலாக வாங்கினால் கை கடிக்காது. பக்கத்து ஊரான பார்சாக்கின் பெயரில் வருவதும் இதே வகைதான், சற்று இலகு.

சர்க்கரை லிட்டருக்கு 120 முதல் 150 கிராம். இவ்வளவு இனிப்பு எதற்கு? காரத்துக்கு. நன்றாகக் குளிரவைத்த இனிப்பு ஒயின் மிளகாய் எரிச்சலை அமர்த்தும்; உள்ளே இருக்கும் புளிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆல்கஹால் 13, 14 சதவீதம் இருந்தும், சிறிய கிண்ணத்தில் 50 மில்லி ஊற்றிக் குடிக்கும்போது அது உறைக்காது. நண்டு வறுவலில் கை வைத்து, கண்ணில் நீர் முட்டும் நேரத்தில் ஒரு வாய் சோதேர்ன் என்பது இந்தப் பட்டியலிலேயே மிகத் துணிச்சலான சேர்க்கை. சரியாக வேலை செய்யும். இறால் ஊறுகாயோடும் நன்றாகப் போகும்.

இனிப்போடு இனிப்பு என்று கீழக்கரைத் தொதலுக்கு முன்னால் இதை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருந்தால்தான் ஒயின் ருசிக்கும். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் வற்றி இறுகிய தொதலுக்கு முன்னால் சோதேர்ன் புளித்த தண்ணீராகிவிடும். உப்புப் போட்டு வறுத்த முந்திரி போதும்.

இலைக்கு ஏற்றபடி

குழம்பும் பொரியலுமாகப் பொதுவான கடற்கரைச் சாப்பாடு என்றால் அல்பரீன்யோ இரண்டு பாட்டில், சோதேர்ன் அரை. எங்கள் முதல் தேர்வு இதுதான். பல வகை வேண்டும் என்பதற்காக வகைக்கொரு பாட்டில் எடுக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பால் நண்டும் சொதியும்தான் விருந்தின் நடு என்றால் ஓர் அல்பரீன்யோவுக்குப் பதில் ரஷ்யன் ரிவர் ஷார்டனே. செலவு சுருங்க வேண்டும் என்றால் இரண்டும் காசாபிளாங்கா. சுறாப் புட்டுக்கு எதுவும் சரியாக அமையாது, மோர் நல்லது.

விமான நிலைய வரியில்லாக் கடையில் இந்த நான்கும் எப்போதும் இருக்காது. அலமாரியில் நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவின்யோ பிளாங் கிடைத்தால் காசாபிளாங்காவின் இடத்துக்கும், பிரான்சின் ஷாப்லி கிடைத்தால் அல்பரீன்யோவின் இடத்துக்கும் எடுக்கலாம். பொங்கும் ஒயினை, கலிஃபோர்னியாவின் கார்னெரோஸ் ஆனாலும் ஷாம்பெயின் ஆனாலும், நாங்கள் சேர்க்காததற்கு ருசி காரணமில்லை. பொரித்த நெத்திலிக்கு அது பிரமாதம். பாட்டிலுக்குள் ஐந்தாறு மடங்கு காற்றழுத்தம். சூடேற ஏற அது கூடும். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் மதுரையிலிருந்து கொண்டுபோகும் பொருளல்ல.

வெளிநாடு போகாதவர்களுக்கு நாசிக் சோவின்யோ பிளாங் இருக்கிறது; டாஸ்மாக் எலைட் கடைகளில் சில சமயம் வரும். அங்கே பனிக்குப் பதில் குளிர்கால இரவு அந்த வேலையைச் செய்கிறது. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்ததும் ஒரு கவாத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை. புளிக்குழம்புக்கு ஓரளவு ஈடுகொடுக்கும்.

கொண்டுவருவது, வைப்பது, குளிரவைப்பது

நல்ல பாட்டில் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மதுரைக்கு நேரடி விமானம் என்றால் சிக்கல் இல்லை. சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறினால், வரியில்லாக் கடையின் ஒட்டிய பையோடு கைப்பையில் வைத்த பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடக்கூடும். சுங்கத்தைத் தாண்டியதும், அடுத்த விமானத்துக்குக் கொடுக்கும் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள். பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே கைலியை இரண்டு சுற்றுச் சுற்றி, துணிகளுக்கு நடுவில், பெட்டியின் ஓரம் படாமல் வைத்தால் உடையாது.

மதுரையிலிருந்து பாம்பன் வரை காரில் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். டிக்கியில் வைக்காமல் உள்ளே ஏசி படும் இடத்தில், இருக்கைக்குக் கீழே வையுங்கள். வழியில் சாப்பிட இறங்கினால் பாட்டிலும் இறங்கட்டும். நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், ஓரத்தில் கசியும், திரும்பக் குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். தக்கை கழுத்தைவிட மேலே எழும்பியிருந்தாலோ, உறைக்குள் பிசுபிசுப்பு இருந்தாலோ அந்தப் பாட்டில் வெந்துவிட்டது என்று அர்த்தம். வாசனை வேகவைத்த பழம்போல இருக்கும். திருகு மூடி இதில் தப்பும், ஆனால் உள்ளிருக்கும் ஒயின் தப்பாது.

வீட்டில் பீரோவிலோ சமையலறைப் பரணிலோ வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் கிடந்தால் அல்பரீன்யோவின் வாசனை முதலில் போகும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவைத்தால் ஒன்றிரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும். அடிக்கடி மின்தடை வந்தாலும், திறக்காத ஃபிரிட்ஜ் வெளியறையைவிட மேல். பக்கத்தில் கருவாட்டு டப்பா மட்டும் வேண்டாம்.

பரிமாறும் வெப்பம்: அல்பரீன்யோ, சோவின்யோ பிளாங், சோதேர்ன் மூன்றும் 8 முதல் 10 டிகிரி, ஷார்டனே 10 முதல் 12. பினோ எடுத்தே தீருவோம் என்றவர்கள் அதை 14 டிகிரிக்குக் குளிரவையுங்கள். அறை வெப்பத்தில் என்று புத்தகத்தில் போட்டிருக்கும் அறை ஐரோப்பிய அறை. ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் குளிர மூன்று மணி நேரம் பிடிக்கும். அவசரம் என்றால் மீன் வைக்கும் தெர்மகோல் பெட்டியை எடுத்து, ஐஸ் கம்பெனி பாரை உடைத்துப் பாதி நிரப்பி, தண்ணீர் ஊற்றி, கல் உப்பு இரண்டு கை போட்டுக் கழுத்து வரை அமுக்குங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றி இடைவெளி நிற்கும், குளிர் ஏறாது. தண்ணீர்தான் குளிரைக் கொண்டுசேர்க்கிறது. உப்பு கரையும்போது தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். அந்த ஐஸ் மீனுக்குப் போடுவது என்பதால், எடுத்த பாட்டிலின் வாயைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். கிண்ணத்துக்குள் அதைப் போடவே கூடாது. ஃப்ரீசரில் வைத்து மறந்தால் ஒயின் உறைந்து தக்கையை வெளியே தள்ளும்.

ஊற்றும்போது 75 மில்லிக்கு மேல் வேண்டாம். மதிய நேரத்தில், ஏசி இல்லாத கூடத்தில், கிண்ணத்து ஒயின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாலைந்து டிகிரி ஏறிவிடும். மிச்சத்தை ஐஸ் தண்ணீரிலேயே விட்டுவைத்து அடிக்கடி ஊற்றுங்கள். திறந்த அல்பரீன்யோவை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். சோதேர்ன் ஒரு வாரத்துக்கு மேலும் போகும். அல்பரீன்யோ அடியில் அரைக் கிண்ணம் நின்றுவிட்டால், மறுநாள் ஊசிக் கணவாயைப் பூண்டோடு வதக்கும்போது சட்டியில் ஊற்றி, பாதியாக வற்றவிட்டு இறக்குங்கள். புளியும் எலுமிச்சையும் தேவைப்படாது.